கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்: உங்கள் வங்கிக் கணக்கை நீங்களே சரிபார்க்கும் வழி

சென்ற ஆண்டு என் கடன் தவணை ஒன்று வங்கியிலிருந்து திரும்பிப் போனது. கணக்கில் போதிய பணம் இல்லை என்று தகவல் வந்தது. முந்தைய நாள் மாலைதான் இருப்பைப் பார்த்திருந்தேன். தவணையைப் போல் மூன்று மடங்கு பணம் திரையில் தெரிந்தது. திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம் பிடித்தது, தாமதத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் இன்னொரு கட்டணம் பிடித்தார்கள். கோபத்தோடு கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா வாதாடவில்லை. என் கணக்கு அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்து, இரண்டு வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார். “இந்தக் காசோலைப் பணம் உங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. இது போன மாதமே நீங்கள் இன்னொருவருக்குக் கொடுத்த காசோலை, தவணைக்கு முன்பே வந்து பணத்தை எடுத்துக்கொண்டது. இரண்டையும் கழித்துப் பாருங்கள், சார்” என்றார். கழித்தேன். மீதி தவணைக்குப் போதவில்லை.

அதற்குப் பிறகு என் கடன், வைப்பு, அட்டை எல்லாவற்றையும் நோட்டில் மறுகணக்குப் போட்டேன். பள்ளியில் படித்த கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம் ஆகியவற்றைத் தாண்டி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் எதை எதிலிருந்து கழிப்பது, எதை எத்தனை நாளால் பெருக்குவது என்று தெரியாமல் பல மாதங்கள் வீணாயின. புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்கள், முதல் கடன் வாங்கப் போகிறவர்கள், வீட்டுப் பணப் பொறுப்பு இப்போதுதான் கைக்கு வந்தவர்கள் அந்த மாதங்களை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாணயத்தின் பெயரை எங்கும் போடவில்லை. எந்த நாட்டுப் பணத்துக்கும் கணக்கு ஒன்றுதான். எண்களும் விகிதங்களும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. அந்த இடத்தில் உங்கள் வங்கியின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

கடைசி மூன்று மாதக் கணக்கு அறிக்கை அல்லது பதிவு போட்ட பாஸ்புக், காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், வைப்புத்தொகை இருந்தால் அதன் ரசீது, கடன் இருந்தால் அனுமதிக் கடிதமும் தவணை அட்டவணையும், அட்டை இருந்தால் கடைசி இரண்டு பில்கள். இவற்றோடு வங்கியின் கட்டண அட்டவணையையும் எடுத்து வையுங்கள். இந்தக் கடைசிக் காகிதத்தைத்தான் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. வங்கியின் இணையதளத்தில் இருக்கும். இல்லையென்றால் கிளையில் கேளுங்கள்.

அறிக்கையை நீங்களே இணைய வங்கியிலிருந்து இறக்கிக்கொண்டால் வழக்கமாகச் செலவில்லை. அச்சிட்ட நகலோ பழைய ஆண்டுகளின் நகலோ கேட்டால் பல வங்கிகள் கட்டணம் வாங்குகின்றன. ஆகவே மாதம் ஒருமுறை இறக்கி ஓரிடத்தில் சேமித்து வைப்பது பின்னால் வரும் செலவைத் தடுக்கும்.

ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சில், சாதாரணக் கணிப்பான் போதும். முதல் தடவை இரண்டு மாலைப்பொழுதுகள் ஆகும். பழகிய பிறகு வாரத்துக்குக் கால் மணி நேரம்.

2. ‘என் பணம்’ எவ்வளவு என்று கழித்துக் கண்டுபிடியுங்கள்

வங்கி காட்டும் இருப்பு ஒன்று, அதில் நீங்கள் எடுக்கக்கூடிய இருப்பு இன்னொன்று. இவை இரண்டும் வங்கிக்குத் தெரியும். மூன்றாவது இருப்பு உங்களுக்கு மட்டுமே தெரியும்: நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்ட பணம் போக மீதி. வங்கியின் எந்தத் திரையிலும் அது வராது. நான் அடிபட்டது அங்கேதான்.

நோட்டில் இப்படி எழுதுங்கள். திரையில் காட்டும் இருப்பு 42,350. அதில், நீங்கள் போட்டும் இன்னும் பணமாகாத காசோலை 8,000, கழித்தால் 34,350. நீங்கள் கொடுத்து, வாங்கியவர் இன்னும் வங்கியில் போடாத காசோலை 12,500, கழித்தால் 21,850. இந்த மாதம் தானாகப் பிடிக்கப்போகும் தவணை 9,400, மீதி 12,450. அட்டையைத் தேய்த்த இடத்துக்காக வங்கி ஒதுக்கி நிறுத்தி வைத்து, இன்னும் பிடிக்காத தொகை 1,200, மீதி 11,250. குறைந்தபட்ச இருப்பு 5,000 வைக்க வேண்டும் என்றால், அதையும் கழித்தால் 6,250.

திரையில் 42,350, கையில் 6,250. கடைக்குப் போகும்போது மனத்தில் இருக்க வேண்டியது இரண்டாவது எண்தான்.

இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, நிறுத்தி வைத்த தொகையையும் பணமாகாத காசோலையையும் ‘எடுக்கக்கூடிய இருப்பு’ என்று காட்டும் எண்ணில் வங்கி ஏற்கெனவே கழித்திருக்கும். அந்த எண்ணிலிருந்து தொடங்கினால் மறுபடியும் கழிக்காதீர்கள். இரண்டாவது, குறைந்தபட்ச இருப்பு என்பது சில கணக்குகளில் ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டியது, சில கணக்குகளில் மாதச் சராசரியாக இருக்க வேண்டியது. சராசரி என்றால், 30 நாள் மாதத்தில் 10 நாள் 2,000 மட்டும் வைத்திருந்தாலும், மீதி 20 நாள் 6,500 வைத்தால் ஈடாகிவிடும்: 20,000 + 1,30,000 = 1,50,000; அதை 30-ஆல் வகுத்தால் 5,000. உங்கள் கணக்கு எந்த வகை என்று கட்டண அட்டவணையில் பாருங்கள். மூன்றாவது, தவணைத் தேதிக்கு மூன்று வேலை நாள் முன்பே பணம் கணக்கில் இருக்கட்டும். விடுமுறையும், மாலை நேர வரம்பு தாண்டிய பரிமாற்றமும் அந்த மூன்று நாளை எளிதில் விழுங்கிவிடும்.

3. வாரம் ஒருமுறை நோட்டையும் அறிக்கையையும் ஒத்துப் பாருங்கள்

அறிக்கையைத் திறந்ததும் முதலில் ஒரே ஒரு சோதனை: தொடக்க இருப்பு + மொத்த வரவு − மொத்தப் பற்று = இறுதி இருப்பு. பிறகு ஒவ்வொரு வரியையும் உங்கள் நோட்டில் தேடி டிக் போடுங்கள். நோட்டில் இருந்து அறிக்கையில் இல்லாதவை ஒரு பக்கம், அறிக்கையில் இருந்து நோட்டில் இல்லாதவை மறுபக்கம். கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். வீட்டுக்கும் அதே முறைதான்.

இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் எல்லா வரியையும் மறுபடி கூட்டத் தொடங்காதீர்கள். வித்தியாசத்தை மட்டும் தனியாக எழுதி அதை உற்றுப் பாருங்கள். என் நோட்டில் ஒருமுறை 21,480, அறிக்கையில் 22,380. வித்தியாசம் 900. முதல் கேள்வி: அது 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா? வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது கேள்வி: அதில் பாதியான 450 என்ற தொகை எங்காவது இருக்கிறதா? இருந்தால் வரவைப் பற்றாகவோ, பற்றை வரவாகவோ எழுதியிருக்கலாம். பக்கம் மாறினால் வித்தியாசம் இரண்டு மடங்காகத் தெரியும். 450 எங்கும் இல்லை. 2,300 எடுத்ததை 3,200 என்று நான் எழுதியிருந்தேன். முக்கால் மணி நேரம் தேட வேண்டியது இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

பற்று, வரவு என்ற சொற்கள் முதலில் குழப்பும். அறிக்கையில் ‘வரவு’ என்றால் உங்கள் இருப்பு கூடியது, ‘பற்று’ என்றால் குறைந்தது. இப்போதைக்கு அது போதும்.

4. சதவீதத்தைக் கைவிரலில் வைத்துக்கொள்ளுங்கள்

1 சதவீதம் வேண்டுமா, தசமப் புள்ளியை இரண்டு இடம் இடப்பக்கம் நகர்த்துங்கள். 10 சதவீதத்துக்கு ஓரிடம். மற்றவை எல்லாம் இவற்றிலிருந்தே வரும். 2.5 சதவீதம் என்பது 10 சதவீதத்தில் கால் பங்கு. 15 என்பது 10-உம் அதில் பாதியும். 50-இல் 18 சதவீதம் கடினமாகத் தோன்றினால் 18-இல் 50 சதவீதம் என்று புரட்டுங்கள். இரண்டும் 9 தான்.

புதியவர்கள் வழுக்கும் இடங்கள் இவை. ஒரு தொகையில் 10 சதவீதக் கட்டணம் சேர்த்து 1,100 என்று பில் வந்தால், அசல் 1,000. 1,100-இல் 10 சதவீதத்தைக் கழித்து 990 என்று போடுவது தவறு, 1.1-ஆல் வகுக்க வேண்டும். 20 சதவீதம் இறங்கியது மீண்டும் 20 சதவீதம் ஏறினால் பழைய இடத்துக்கு வராது: 100 முதலில் 80 ஆகும், பிறகு 96 தான் ஆகும். கடன் வட்டி 8 சதவீதத்திலிருந்து 9 ஆனால் “ஒரு சதவீதம்தான் கூடியது” என்பார்கள். நீங்கள் கட்டும் வட்டியோ எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் கூடிவிட்டது.

5. சேமிப்புக் கணக்கின் வட்டி: நாளைப் பெருக்குங்கள்

மாதக் கடைசி இருப்பைப் பார்த்து வட்டியைக் கணக்கிட்டு, வங்கி அதிகம் கொடுத்திருக்கிறது அல்லது குறைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. தினசரி இருப்புக்கு வட்டி தரும் கணக்கில் ஒவ்வொரு நாளும் வங்கி மூடும் நேர இருப்பு எண்ணப்படும்.

ஆண்டு வட்டி 3 சதவீதம், 30 நாள் மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 10 நாள் 20,000. அடுத்த 15 நாள் 50,000. கடைசி 5 நாள் 12,000. ஒவ்வொன்றையும் நாளால் பெருக்குங்கள்: 2,00,000, 7,50,000, 60,000. கூட்டினால் 10,10,000. இதை 3-ஆல் பெருக்கி 36,500-ஆல் வகுத்தால் 83.01. இந்த 36,500 எங்கிருந்து வந்தது? சதவீதத்தின் 100-ஐயும் ஆண்டின் 365-ஐயும் பெருக்கியதுதான். மாதக் கடைசியின் 12,000-ஐ மட்டும் பார்த்திருந்தால் 30 என்றுதான் கணக்கு வந்திருக்கும்.

நாள் எண்ணுவதில் ஒன்று. 5-ஆம் தேதி போட்டு 20-ஆம் தேதி எடுத்தால் 15 நாள். இரண்டு முனையையும் சேர்த்து 16 என்று எண்ணக் கூடாது. இன்னொன்று, சில கணக்குகளில் ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொள்வார்கள். உங்கள் எண்ணும் வங்கியின் எண்ணும் சற்றே விலகினால் முதலில் இதைப் பாருங்கள். வட்டி மாதாமாதம் வருகிறதா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறதா என்பதையும் தெரிந்துகொண்டால்தான் ஒப்பிட முடியும்.

6. வைப்புத்தொகை: எத்தனை முறை வட்டி அசலில் சேர்கிறது?

50,000-ஐ 8 சதவீதத்துக்கு இரண்டு ஆண்டுகள் வைக்கிறீர்கள். தனிவட்டி என்றால் 8,000. ஆண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி என்றால் 8,320. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி என்றால் சுமார் 8,583. மூன்றிலும் விளம்பரத்தில் இருப்பது அதே ‘8 சதவீதம்’.

மூன்றாவதை எப்படிப் போடுவது? ஆண்டுக்கு 8 என்றால் காலாண்டுக்கு 2. இரண்டு ஆண்டில் எட்டுக் காலாண்டுகள். 1.02-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். சாதாரணக் கணிப்பானில் இதற்கு ஒரு சுருக்கம் இருக்கிறது: 1.02-ஐ அதனோடேயே பெருக்குங்கள், வருவதை மறுபடி அதனோடேயே, மீண்டும் ஒருமுறை அப்படியே. மூன்று பெருக்கலில் எட்டு முறை ஆகிவிடும், 1.17166 வரும். அதை 50,000-ஆல் பெருக்கினால் முதிர்வுத் தொகை 58,583. ரசீதில் அச்சிட்ட முதிர்வுத் தொகையை இதோடு ஒப்பிடுங்கள்.

பணம் இரண்டு மடங்காக எத்தனை ஆண்டு ஆகும் என்று அவசரமாகத் தெரிய வேண்டுமானால் 72-ஐ வட்டி விகிதத்தால் வகுங்கள். 8 சதவீதத்துக்கு 9 ஆண்டுகள்.

மாதாமாதம் கட்டும் தொடர்வைப்பில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். மாதம் 1,000 வீதம் ஓராண்டு கட்டி, 12,000-க்கு 8 சதவீதம் 960 கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆனால் முதல் மாதப் பணம்தான் 12 மாதம் இருக்கிறது. கடைசி மாதப் பணம் ஒரு மாதம்தான். 12 முதல் 1 வரை கூட்டினால் 78. 1,000 × 78 × 8 ÷ 1,200 = 520. (இந்த 1,200, சதவீதத்தின் 100-ஐயும் ஆண்டின் 12 மாதத்தையும் பெருக்கியது.) கூட்டுவட்டி என்றால் அதற்கு மேல் கொஞ்சம் வரும். 960 அருகில்கூட வராது. வங்கி ஏமாற்றவில்லை, என் எதிர்பார்ப்புதான் தவறு.

ரசீதில் தொடங்கும் தேதி, முதிரும் தேதி, விகிதம், வாரிசு நியமனம், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஆகிய ஐந்தையும் வாங்கிய அன்றே படியுங்கள். தானாகப் புதுப்பித்தால் அன்றைய விகிதம்தான் கிடைக்கும், பழைய விகிதம் தொடராது. முதிர்வுக்கு முன் எடுத்தால், பெரும்பாலும், எத்தனை நாள் இருந்ததோ அந்தக் காலத்துக்கான குறைந்த விகிதத்தைப் போட்டு, அதிலிருந்தும் அபராதமாக ஒரு பங்கைக் குறைப்பார்கள். வைப்பை உடைக்கும் முன் அந்த எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

7. கடன்: ‘எந்த இருப்புக்கு வட்டி?’ என்று கேளுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். என் நோட்டில் அதிகப் பக்கங்கள் இதற்குத்தான் போயின. என் பணம் அதிகம் போனதும் இங்கேதான்.

1,20,000 கடன், 12 மாதம், 10 சதவீத வட்டி. இதே மூன்று எண்ணில் இரண்டு வேறு கடன்கள் ஒளிந்திருக்கின்றன.

முதல் வகை ‘ஃபிளாட்’ வட்டி. 1,20,000-க்கு 10 சதவீதம் 12,000. மொத்தம் 1,32,000-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 11,000. கணக்கு எளிமையாக இருப்பதால் நேர்மையாகவும் தோன்றுகிறது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆறாவது மாதத்தில் கடனில் பாதியை அடைத்த பிறகும் முழு 1,20,000-க்கே வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது வகையில், மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி. இதே கடனுக்கு மாதத் தவணை சுமார் 10,550. ஆண்டு முழுவதும் கட்டும் வட்டி சுமார் 6,600. முதல் வகையில் 12,000.

தவணை அட்டவணையை எடுத்து முதல் மூன்று வரிகளை நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் மாதம்: 1,20,000 × 10 ÷ 1,200 = 1,000 வட்டி. 10,550-இல் அது போக 9,550 அசலுக்கு; மீதி அசல் 1,10,450. இரண்டாம் மாதம்: 1,10,450 × 10 ÷ 1,200 = 920.42 வட்டி, அசலுக்கு 9,629.58, மீதி 1,00,820.42. மூன்றாம் மாதம் வட்டி 840.17, அசலுக்கு 9,709.83, மீதி 91,110.59. வட்டிப் பத்தி இப்படி இறங்கிக்கொண்டே வர வேண்டும். மாதாமாதம் ஒரே எண் நின்றால் அது ஃபிளாட்.

ஃபிளாட் வட்டி உண்மையில் எவ்வளவு என்று அறிய ஒரு கைக்கணக்கு: விகிதத்தைத் தவணை எண்ணிக்கையின் இரு மடங்கால் பெருக்கி, எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியதால் வகுங்கள். 10 × 24 ÷ 13 = 18.46. துல்லியமாகப் போட்டால் ஏறத்தாழ 18 சதவீதம். பத்து என்று சொல்லி வாங்கியது பதினெட்டு. அதோடு நடைமுறைக் கட்டணம் என்று 3,000 பிடித்துக்கொண்டு 1,17,000 மட்டும் கையில் கொடுத்தால் உண்மை விகிதம் ஏறத்தாழ 23-க்குப் போய்விடும். அதனால்தான் ‘வட்டி எவ்வளவு?’ என்ற கேள்வி மட்டும் போதாது. “என் கைக்கு வரும் தொகை எவ்வளவு, நான் கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை மாதத்தில்?” என்று கேட்டு மூன்று எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள்.

தவணை குறைவாக இருக்கிறதே என்று காலத்தை நீட்டுவது அடுத்த பொறி. மீதமுள்ள அசலுக்கு 9 சதவீத வட்டியில் 1,00,000 கடனைப் பத்தாண்டில் அடைத்தால் மாதம் சுமார் 1,267. இருபதாண்டில் அடைத்தால் சுமார் 900. மாதம் 367 மிச்சமாவது கண்ணுக்குத் தெரிகிறது. மொத்த வட்டி சுமார் 52,000-லிருந்து 1,16,000 ஆவது கண்ணுக்குத் தெரிவதில்லை. விகிதம் ஏறும்போது சில வங்கிகள் தவணையை மாற்றாமல் மாதங்களை மட்டும் கூட்டிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை புதிய அட்டவணை கேட்டு ‘மீதி மாதங்கள்’ என்ற எண்ணைப் பாருங்கள்.

கடன் 12-ஆம் தேதி கைக்கு வந்து, தவணைத் தேதி அடுத்த மாதம் 5 என்று இருந்தால், இடைப்பட்ட துண்டு நாள்களின் வட்டியைத் தனியாகப் பிடிப்பதும் உண்டு. மாதக் கணக்கா, நாள் கணக்கா என்பதாலும் சிறு வித்தியாசம் வரும்: மேலே சொன்ன முதல் மாத வட்டி 30 நாளுக்கு 365-ஆல் வகுத்தால் 986.30, மாதக் கணக்கில் 1,000.

முன்கூட்டியே கடனை அடைக்க நினைத்தால், மீதித் தவணைகளின் வட்டிப் பத்தியைக் கூட்டுங்கள். அடைப்பதற்கான கட்டணம் அதைவிடக் குறைவா என்று பாருங்கள். அடைத்த பிறகு ‘நிலுவை இல்லை’ என்ற சான்றை வாங்காமல் வராதீர்கள்.

8. கடன் அட்டை: குறைந்தபட்சத் தொகை என்னும் சேறு

பில் 20,000. குறைந்தபட்சம் 5 சதவீதம், அதாவது 1,000 கட்டினால் போதும் என்று அச்சிட்டிருக்கும். கட்டுகிறீர்கள், மீதி 19,000. மாத வட்டி 3 சதவீதம் என்றால் அதற்கு 570. அடுத்த மாதக் கடன் 19,570. ஆயிரம் கட்டியும் கடன் 430 தான் குறைந்தது. அதற்கிடையில் புதிதாக ஒன்றும் வாங்காமல் இருந்தால்தான் இதுவும்.

மாதம் 3 என்றால் ஆண்டுக்கு 36 என்று பலர் எண்ணுகிறார்கள். வட்டிக்கு வட்டி சேர்வதால் 1.03-ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும், 42.6 சதவீதம் வரும்.

வட்டியில்லாக் காலம் வாங்கும் தேதியைப் பொறுத்து நீளும், சுருங்கும். பில் தேதி 20, கட்டும் தேதி அடுத்த மாதம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 21 அன்று வாங்கியது ஏப்ரல் 20 பில்லில் வந்து மே 10 வரை காத்திருக்கும், 50 நாள். மார்ச் 19 அன்று வாங்கியதற்கு ஏப்ரல் 10 வரை 22 நாள்தான். முழுத் தொகையையும் கட்டாமல் கொஞ்சம் மீதி வைத்தால் இந்தச் சலுகையே போய், வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடத் தொடங்குவது வழக்கம். ஒருவேளை முழுத் தொகையையும் கட்ட முடியாவிட்டால் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கட்டுங்கள். புதிய செலவை அந்த அட்டையில் போடாதீர்கள்.

9. சில்லறைக் கட்டணங்களை ஆண்டுக்குப் பெருக்குங்கள்

ஒருமுறை பணம் எடுக்க 20 கட்டணம். சிறிதாகத் தெரிகிறது. 500 எடுத்தால் அது 4 சதவீதம். மாதம் நான்கு முறை என்றால் ஆண்டுக்கு 960. 32,000-ஐ ஓராண்டு முழுவதும் 3 சதவீதச் சேமிப்பில் வைத்திருந்தால் கிடைக்கும் வட்டியும் அதே 960. குறுஞ்செய்திக் கட்டணம், அட்டையின் ஆண்டுக் கட்டணம், இருப்புக் குறைவுக் கட்டணம் என்று எல்லாவற்றையும் இப்படி ஆண்டுக்குப் பெருக்கி ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் இரண்டு பழைய கணக்குகளை மூடினேன்.

நாணய மாற்றில் ‘கமிஷன் இல்லை’ என்ற அறிவிப்பை நம்பி நிற்காதீர்கள். சந்தை நடுவிகிதம், அதாவது சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள விலை, 100 இருக்கும்போது உங்களுக்கு 103-க்கு விற்றால், அந்த 3 தான் கட்டணம்.

10. தவறு கண்டால் எழுத்தில் கேளுங்கள்

நுண்ணிய வித்தியாசம், அதாவது ஒன்றுக்கும் குறைவாக இருப்பது, பின்னங்களை முழுமையாக்குவதால் வருவது. விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் அன்றே எழுதுங்கள். புகார் சொல்ல எத்தனை நாள் அவகாசம் என்பது கணக்கின் விதிமுறைகளில் இருக்கும். தெரியாத பற்று என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் முதலில் அட்டையை முடக்குங்கள், கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

கடிதம் நீளமாக வேண்டாம். தேதி, அறிக்கையில் உள்ள தொகை, நீங்கள் போட்ட தொகை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கணக்குப் போட்ட முறை ஒரே வரியில். அறிக்கையின் அந்தப் பக்கத்தை இணைத்து வரியை வட்டமிடுங்கள். “வட்டி குறைவாக இருக்கிறது” என்று எழுதிய என் முதல் கடிதத்துக்குப் பொதுவான பதில்தான் வந்தது. மூன்று வரி கணக்கோடு எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு ஐந்தாம் நாள் பணம் திரும்பி வந்தது. புகார் எண்ணை வாங்கி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி தீர்க்காவிட்டால் மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.

பணம் திரும்பிய அன்று இன்னொரு முறை கழித்துப் பாருங்கள். தவறாகப் பிடித்த தொகையால் இருப்பு இறங்கி, அதனால் குறைந்தபட்ச இருப்புக் கட்டணமோ தவணை திரும்பிய கட்டணமோ பிடித்திருந்தால், அவையும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். எனக்கு முதல் தொகை மட்டும் வந்தது. மீதியை மறுபடி எழுதிக் கேட்டுத்தான் வாங்கினேன்.